அட்டாலிப் பெட்டிக்கு கேனான் லைடு 300 போதுமா?

சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கம் பெண் கருவைக் கலைப்பதை எதிர்த்து ஊர் ஊராய்ப் போன அம்மாக்களுக்கு இன்று வயதாகிவிட்டது. அட்டாலியில், அதாவது பரணில், இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இன்லேண்டு கடிதம், கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் கார்பன் நகல், கூட்ட நோட்டீஸ், பேப்பர் கட்டிங், டைரி எல்லாம் கலந்து கிடக்கும். இதை வீட்டிலேயே ஸ்கேன் செய்ய, தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் கேனான் லைடு 300 ஸ்கேனர் பரவாயில்லாத கருவி. ஆனால் வாங்கும் முன் ஒரு மனுத்தாளை அளந்துவிடுங்கள்.

காரணம், இதன் கண்ணாடி ஏ4 அளவு, அதாவது 297 மில்லிமீட்டர் நீளம். பழைய மனுக்கள் பெரும்பாலும் நீளத்தாளில் இருக்கும். லீகல் தாள் என்றால் 356. அடியில் வெட்டுப்படும் அந்த ஆறு சென்டிமீட்டரில்தான் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் தேதியும் இருக்கும். மேல்பாதியை ஒன்று, கீழ்பாதியை ஒன்று என, நான்கு வரியாவது இரண்டிலும் வரும்படி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். நாற்பது ஐம்பது தாளுக்கு அது சரி. நூற்றுக்கணக்கில் இருந்தால் மேலிருந்து படமெடுக்கும் ஓவர்ஹெட் ஸ்கேனர்தான் லாயக்கு.

தாளை உருளை வைத்து இழுக்காதது இதன் பெரிய நன்மை. தாளைத் தானாக இழுக்கும் ஜெராக்ஸ் கடை மெஷினின் மேல்தட்டில் போஸ்ட் கார்டு தப்பித்துவிடும். மடிப்பில் நைந்த இன்லேண்டு அங்கேயே இரண்டாகும். மின்சாரமும் யுஎஸ்பி கேபிள் வழியே வருவதால் கரண்ட் போனாலும் லேப்டாப் சார்ஜில் வேலை ஓடும்.

இதில் இருப்பது சிஐஎஸ் சென்சார், கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டும் தெளிவாகப் பார்க்கும் வகை. கண்ணாடியில் ஒட்டாத இடம் மங்கிவிடும். டைரியின் தையலோரத்து எழுத்து கலங்குவது அதனால்தான். அழுத்தினால் தையல் விட்டுப்போகும். டைரியை போனில் படமெடுங்கள். சுருண்ட கடிதத்தை இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே வைத்து, ஒரு ராத்திரி பாரம் ஏற்றினால் போதும். இஸ்திரிப்பெட்டி பக்கமே போகக்கூடாது.

அச்சுத்தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), பொடிக் கையெழுத்துக்கும் போட்டோவுக்கும் 600. கறுப்பு-வெள்ளை முறையில் எடுத்தால் ஓரத்தில் பென்சிலில் குறித்தது காணாமல் போகும். எல்லாம் கலரில் இருக்கட்டும். ஒரு ஏ4 பக்கம், படத்தைச் சுருக்காமல் வைக்கும் டிஃப் கோப்பாக, 300-ல் சுமார் 26 எம்பி, 600-ல் 104. இரண்டாயிரம் பக்கத்துக்கு 300-லேயே 52 ஜிபி ஆகும். கார்பன் நகலில் பின்பக்க எழுத்து தெரிந்தால் முதுகில் ஒரு கறுப்புத்தாள் வையுங்கள்.

துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி நெகிழ்த்தி எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் செல்லோடேப்பைப் பிய்க்காமல் விட்டுவிடுங்கள். பேப்பர் கட்டிங்கின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும், அதைத் தனி உறையில் போடுங்கள். வேலை முடிந்த கட்டை, கஞ்சி போகத் துவைத்த ஈரோட்டுக் காடாத் துணியில் சுற்றலாம். கஞ்சி மிஞ்சினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

கோப்புப் பெயரில் வருடம், மாதம், தேதி, வரிசை எண் போதும்: 1994-06-12-003. தேதி தெரியாவிட்டால் 00. கட்டு இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் வந்த 1992-க்கு முந்தைய கடிதங்களில் பிறந்த பெண் சிசுவைக் கொல்வதைப் பற்றிய பேச்சு. கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டம் 1996-ல் அமலான பிறகு ஸ்கேன் சென்டர் பற்றிய பேச்சு. அந்தத் திருப்பம் வரிசையில்தான் தெரியும்.

பெட்டியின் மேல் ‘கருக்கலைப்பு எதிர்ப்பு’ என்று மொட்டையாக எழுதிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1951-ல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் மில்ட்ரெட் ஜெஃபர்சன் எதிர்த்தது கருக்கலைப்பையே. அவர் காகிதங்கள் அங்கே ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன. இங்கே சண்டை பெண் என்று தெரிந்து கலைப்பதோடு. 1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அனுமதிக்கும் கலைப்பு வேறு விஷயம். பெட்டிக்காரர் எதை எதிர்த்தாரோ அதையே எழுதுங்கள்.

தமிழ் அச்சை எழுத்தாக்க கூகுள் டிரைவ் உதவும், கையெழுத்தில் தடுமாறும். பெண்கள் தங்கள் கதையை எழுதிய கடிதங்களையும், ஸ்கேன் எடுத்த கர்ப்பிணியின் பெயர் விலாசத்தோடு சென்டர் நிரப்பும் படிவம் எஃப் நகல்களையும் அதில் ஏற்ற வேண்டாம். வீட்டு டிஸ்கில் தனி ஃபோல்டர், வேறொரு வீட்டில் அதன் நகல் ஒன்று.

ஸ்கேன் சென்டர் கொடுத்த வழவழப்பான படங்களும் ஃபேக்ஸ் தாள்களும் வெப்பத்தில் அச்சானவை. அட்டாலிச் சூட்டில் அவை மங்கும், கறுக்கும். பெட்டியைத் திறந்ததும் கண்ணாடியில் முதலில் வைக்க வேண்டியவை அவைதான்.