கரடிப்போக்கில் ஓர் ஆங்கில உரையாடல் வகுப்பு: யார் சேரலாம்?

கிளிநொச்சியில் ஆங்கிலம் கற்பிக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை சாதாரண தரப் பரீட்சையையோ உயர்தரத்துப் பொது ஆங்கிலத்தையோ குறிவைத்து நடப்பவை. வினாத்தாள் செய்யப் பழக்குவார்கள், வாயைத் திறக்க வைக்க மாட்டார்கள். கரடிப்போக்குச் சந்திக்கு அருகில், ஒரு கடையின் மேல்மாடியில், சனி, ஞாயிறு பின்னேரங்களில் வளர்ந்தோருக்காக நடைபெறும் உரையாடல் வகுப்பு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஒரு தவணை முழுவதும் அங்கு படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்ல இருப்பதால் வகுப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வருபவர்களில் பலர் முப்பது வயதை ஒட்டியவர்கள். 2008, 2009 இடப்பெயர்வுகளில் பள்ளிக் காலத்தின் முக்கியமான பகுதியை இழந்து, பின்னர் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்து, அறிக்கை எழுதும் அளவுக்கு ஆங்கிலத்தைத் தாமாகவே தேடிக்கொண்டவர்கள். வாசிப்பார்கள், மின்னஞ்சல் எழுதுவார்கள். தொலைபேசியின் மறுமுனையில் ஆங்கிலம் கேட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவார்கள்.

ஆசிரியை, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பாட ஆசிரியை. ஒரு தலைப்பைக் கொடுத்து இருவர் இருவராகப் பேசவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். இடையில் யாரையும் மறித்துத் திருத்துவதில்லை. காதில் விழும் பிழைகளைச் சிறிய தாளொன்றில் குறித்து, கடைசி இருபது நிமிடங்களில் யாருடையது என்று சொல்லாமல் பலகையில் எழுதுவார். ஒரு நாள் எழுதியது, ‘ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’. பாதி வகுப்புக்கு அதில் பிழையே தெரியவில்லை. ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன் என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியவர்களுக்கு ‘ஐ ஹாவ் பீன் வேர்க்கிங்’ என்ற வடிவம் ஏன் தேவைப்படுகிறது என்பதை, அன்று தொடங்கி இன்றுவரை நீளும் செயல் என்று பலகையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இலக்கணப் புத்தகத்தில் பல தடவை படித்தது அந்தக் கோட்டில்தான் எனக்கு விளங்கியது. இந்த இருபது நிமிடங்களுக்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

பண்பாடு பற்றிய உரையாடல்களும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தன. உதவி கேட்பதைப் பற்றிய பேச்சு குறிப்பாக நினைவில் நிற்கிறது. யன்னலைத் திறந்துவிடுங்கோ என்றால் நமக்கு மரியாதை அந்த வினையின் முடிவிலேயே வந்துவிடுகிறது. ஆங்கில வினையில் அப்படியொரு இடம் இல்லாததால், ‘குட் யு’ (could you) என்று கேள்வியாக்கித்தான் அதைக் காட்ட வேண்டியிருக்கிறது. நம்மவர் ஆங்கிலத்தில் கேட்பது கட்டளைபோல ஒலிப்பதற்குக் காரணம் இதுதானே தவிர, பண்பில்லாமை அல்ல. முதல் சந்திப்பிலேயே சம்பளம், கலியாணம் விசாரிப்பது பற்றியும் பேச்சு வந்தது. ‘ஹவ் ஆர் யு’ என்பதற்குத் தன் காய்ச்சலின் வரலாற்றை முழுமையாகச் சொல்லிமுடித்த ஓர் அண்ணனை மட்டும் ஆசிரியை திருத்தவே இல்லை. அவர் அன்றுதான் முதன்முதலாக இடைவிடாமல் பேசியிருந்தார்.

குறை என்று பார்த்தால், கேட்டல் பயிற்சி முழுவதும் பிரித்தானிய உச்சரிப்பிலேயே நடக்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. வன்னியில் இருப்பவருக்கு அந்த மொழி பெரும்பாலும் தேவைப்படுவது கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருக்கும் சிங்கள அதிகாரியுடன் பேசுவதற்கு. அவருடைய ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கம் ஒரு நாள்கூட வகுப்பில் ஒலிக்கவில்லை. லண்டன் வானிலையைப் பற்றிப் பேசத் தெரிந்தவர், விடுமுறை விண்ணப்பம் ஏன் தாமதமாகிறது என்று தொலைபேசியில் கேட்கத் தயங்குகிறார். இது சிறிய குறையல்ல.

வெளிநாட்டுக் கனவோடு ஐ.ஈ.எல்.ரி.எஸ். (IELTS) என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வு எழுதப் போகிறவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். அத்தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்களுக்குள் முடிவது. அதன் நடுப்பகுதியில் ஒரு நிமிடம் ஆயத்தம் செய்துவிட்டு இரண்டு நிமிடங்கள் வரை தனியே பேச வேண்டும். நேரம் வைத்துப் பேசும் அந்தப் பழக்கம் இங்கே கொடுக்கப்படுவதில்லை. பள்ளிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளையும் அனுப்புவதில் பயனில்லை. வந்த இருவரும் பெரியவர்களுக்கு நடுவில் வாய் திறக்காமலே இருந்தார்கள்.

இன்னொன்று, நேரம். ஏ-9 வீதியை ஒட்டி இருப்பவர்களுக்குச் சிக்கலில்லை. புதுக்குடியிருப்பு, துணுக்காய்ப் பக்கம் திரும்ப வேண்டியவர்களோ பஸ்ஸைப் பிடிப்பதற்காக, பலகைத் திருத்தம் தொடங்கும் வேளையில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். திருத்தத்தை நடுவில் வைக்கலாமே என்று கேட்டதற்கு, யோசிப்பதாகச் சொன்னார்கள். நான் இருந்தவரை மாறவில்லை. மாதக் கட்டணம் 3,000 ரூபாய், முதல் வகுப்பு இலவசம். தூரத்திலிருந்து வருபவர்கள் அந்த இலவச வகுப்பன்றே நேரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.