சாயம் பிடிக்கும் தாள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மொரீசியஸில் கியூர்பிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே மழை விடுவதே அபூர்வம். கொஞ்சம் வெயில் அடித்தால் வீட்டுத் துணி மொத்தத்தையும் ஒரே தடவையில் மெஷினில் போட்டுவிடத் தோன்றும். அதற்காகத்தான் சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் சாயம் பிடிக்கும் தாளை வாங்க ஆரம்பித்தேன். துணியோடு மெஷினில் போட்டால், தண்ணீரில் கரையும் சாயத்தை இழுத்துக்கொள்ளும் தாள் அது. நல்ல பொருள்தான், இன்னும் வாங்குகிறேன். ஆனால் துணி பிரிக்கும் வேலை குறையும் என்று நம்பி வாங்காதீர்கள்.

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். அடர் ரோஸ் நிறப் பருத்தி வேட்டியும் சேலையும் குவிந்து கிடக்கும். புதுசாக இருந்தால், வெள்ளையாகப் போன தாள் பீட்ரூட் நறுக்கிய பலகை மாதிரி வெளியே வரும். தாளில் இருக்கும் மின்னூட்டமும் தண்ணீரில் கரைந்த சாயத்தின் மின்னூட்டமும் எதிரெதிர் என்பதால் அது இழுத்துக்கொள்கிறது. ஆனால் ஈரத் துணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் சாயம் நேராகவே தாவிவிடும். ஒருமுறை வேட்டி மடிப்புக்குள் ஒரு வெள்ளைத் துண்டு சிக்கிக்கொண்டது. மடிப்பு பட்ட இடத்தில் மட்டும் ரோஸ் கோடு, மற்ற இடமெல்லாம் பளிச். அதனால் மெஷின் நின்றதும் உடனே எடுத்து உதறிப்போடுவது தாளைவிட முக்கியம்.

நிறத்தைவிட, சாயம் போகிறதா இல்லையா என்று பார்த்துப் பிரிப்பதே எனக்குச் சரிப்பட்டு வருகிறது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் நூலோடு பிணைந்துவிடும். பிணையாமல் மிஞ்சியதுதான் முதல் சில துவைப்பில் வெளியேறும். ஜீன்ஸ் கதை வேறு. அதன் நீலச் சாயமான இண்டிகோ நூலின் மேலேதான் படிந்திருக்கும், வருடக் கணக்கில் உதிரும், அதற்கு எப்போதும் தனிக் கூடை. வெள்ளை நைலான் கண்ட சாயத்தையும் எளிதில் வாங்கிக்கொள்ளும், அதனால் அது வெள்ளைகளோடுதான் போக வேண்டும். உப்பு, வினிகர் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயம் ஏற்றும் ஆலையில் உப்புக்கு வேலை உண்டு. கடையில் வாங்கிய துணியில் அது எதையும் நிறுத்தாது.

இப்போது தாளைப் பரிசோதனைக்கும் வைத்துக்கொள்கிறேன். புது அடர்நிறத் துணியை முதலில் தனியாக, 30 டிகிரியில், ஒரு தாளோடு துவைப்பேன். தாள் நிறம் ஏறி வந்தால் அடுத்த தடவையும் தனிதான். வெள்ளையாக வந்தால் மற்ற அடர்நிறங்களோடு சேர்ப்பேன். ஆனால் வெள்ளைச் சட்டைகளோடு மட்டும் எந்தக் காலத்திலும் சேர்ப்பதில்லை.