மெக்சிகன் இரவுச் சாப்பாடு: கடை அலமாரியில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

மயிலாப்பூரில் மாலை 7 மணிக்கு வேலையை முடித்து, பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது ஏழே முக்கால் ஆகிவிடுகிறது. ஒன்பதுக்குள் பிள்ளைகள் இருவரும் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு புதன் வரை கைகொடுக்கும். வியாழனுக்கும் வெள்ளிக்கும் என்ன செய்வது என்பதுதான் வாராவாரம் வரும் கவலை. ரொட்டிக்குள் கறியோ காயோ வைத்து மடித்துத் தின்னும் மெக்சிகோ உணவான டாக்கோவை மூத்த மகள் கேட்டுக்கொண்டே இருந்ததால், எங்கள் பகுதியிலுள்ள ஒரு பெரிய கடையின் ‘மெக்சிகன்’ அலமாரியில் இருக்கும் பொருள்களை ஆறு வாரங்களாக ஒவ்வொன்றாக வாங்கிச் சமைத்துப் பார்த்தோம். எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவை. விலைகள் என் பில்லில் இருந்தபடியே தரப்பட்டுள்ளன. ஒரே வகைப் பொருள் பல நிறுவனங்களின் பெயரில் கிடைப்பதால், நிறுவனங்களை விட்டுவிட்டுப் பொருளின் வகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது, எல்லாம் அடங்கியது என்று விற்கப்படும் ‘டாக்கோ டின்னர் கிட்’. மடித்துப் பொரித்த மக்காச்சோள ஓடுகள் 12, மசாலாத் தூள் ஒரு பாக்கெட், தொட்டுக்கொள்ளும் சால்சா ஒரு பாக்கெட்; விலை 575 ரூபாய். பெட்டியைப் பிரித்தபோதே பன்னிரண்டில் நான்கு ஓடுகள் நடுவில் பிளந்திருந்தன. மற்றவற்றை ஓவனில் சூடாக்கும்படி பெட்டியில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஓவன் இல்லாததால் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, ஓடுகளைக் கவிழ்த்து அடுக்கி மூடி சூடாக்கினோம். மொறுமொறுப்பு நன்றாகவே வந்தது. ஆனால் சின்னவன் முதல் வாய் கடித்ததும் ஓடு அடிவரை விரிந்து, உள்ளே வைத்த ராஜ்மாவும் வெங்காயமும் அவன் மடியில் கொட்டின. அடுத்த ஓட்டிலும் அதேதான் நடந்தது. கடைசியில் ஓடுகளை நொறுக்கித் தட்டில் போட்டு, மேலே ராஜ்மாவை ஊற்றி, கரண்டியால் சாப்பிட்டு முடித்தோம்.

இந்தக் கடினமான ஓடு அமெரிக்காவில் பரவிய வழக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் தெருக்கடைகளில் டாக்கோ என்றால் உள்ளங்கை அளவுள்ள மெத்தென்ற சோள டார்ட்டியாவை, அதாவது சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டியை, கல்லில் சூடாக்கி, அதில் கறியோ காயோ வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து கையில் மடித்துக் கொடுப்பதுதான். அது விரிசல் விடாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பட்ட பெரிய குறை, 575 ரூபாய் கொடுத்த பிறகும் ராஜ்மா, காய்கறி, சீஸ் அனைத்தையும் தனியாக வாங்க வேண்டியிருந்தது என்பதுதான். வயிற்றை நிரப்பும் பகுதி பெட்டியில் இல்லவே இல்லை.

கிட்டில் வந்த மசாலாத் தூளைத் தனியாகவும் விற்கிறார்கள். சேர்க்கப்பட்ட பொருள்களை எடை அதிகமானதிலிருந்து தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. நான் வாங்கிய பாக்கெட்டில் முதல் மூன்று இடங்களில் உப்பும் சர்க்கரையும் மாவுப்பொருளும் இருந்தன. பிறகுதான் மிளகாயும் சீரகமும் பூண்டுத் தூளும் வருகின்றன. இவை மூன்றும் இல்லாத தமிழ் அடுக்களை எங்கே இருக்கிறது? ஒரு தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், ஒரு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த் தூள், அரைத் தேக்கரண்டி தனியாத் தூள், தட்டிய பூண்டு நான்கு பல் ஆகியவற்றை எண்ணெயில் புரட்டினால் அந்த மணம் முழுதாக வந்துவிடுகிறது. ஓரிகானோ மட்டும்தான் நம் அஞ்சறைப்பெட்டியில் இல்லாத பொருள். மெக்சிகோவில் பயன்படும் ஓரிகானோ, இத்தாலியச் சமையலின் ஓரிகானோவுக்கு உறவில்லாத வேறொரு செடி. நம் ஊரில் வேலியோரம் வளரும் உண்ணிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பால்கனித் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளியை ஆங்கிலத்தில் ‘மெக்சிகன் மின்ட்’ என்றும் ‘கியூபன் ஓரிகானோ’ என்றும் அழைப்பதுண்டு என்பதால் அதையே முயன்று பார்த்தேன். நான்கு பேருக்கான ராஜ்மாவில் இரண்டே இலைகளைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தபோது மிகப் பொருத்தமாக இருந்தது. நான்கு இலைகள் போட்ட அன்று இருமல் கஷாயத்தின் வாசனைதான் முன்னால் நின்றது.

அடுத்தது, மசித்த பீன்ஸ் டப்பா. ‘ரீஃப்ரைடு பீன்ஸ்’ என்று எழுதியிருப்பதால் இருமுறை வறுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் ‘ரெஃப்ரீத்தோஸ்’ என்பதற்கு நன்றாக வறுத்தது என்றே மெக்சிகோவில் பொருள் கொள்கிறார்கள். வேகவைத்த பீன்ஸைக் கொழுப்பில் வதக்கி மசிப்பது, அவ்வளவுதான். ஒரு டப்பா 290 ரூபாய், நான்கு பேருக்குச் சற்றே குறைவு. அதே பணத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ராஜ்மா வாங்கலாம். ராஜ்மாவை நாம் வடநாட்டுப் பயறு என்று நினைத்தாலும் அதன் பூர்வீகம் மெக்சிகோவை உள்ளடக்கிய அமெரிக்க நிலப்பரப்புதான் என்பதால், இது மாற்றுப் பொருள்கூட அல்ல, அசல் பொருளே. காலையில் கிளம்பும்போது 200 கிராம் ஊறப்போட்டால், மாலையில் ஊறிய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் ஆறு விசில் போதும். சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இளஞ்சூட்டில் நெடுநேரம் வைப்பதால் அது அழியாது, நன்றாகக் கொதித்தே ஆக வேண்டும். ஆகவே விரலால் நசுக்கினால் வெண்ணெயாகக் குழைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மசிக்க வேண்டும். பருப்பு மத்தால் பாதி மசித்து, பாதியை முழுதாக விட்டுவிடுங்கள். மெக்சிகோவில் வாயுத் தொல்லைக்காகப் பீன்ஸில் எப்பசோத்தே என்ற மூலிகையைச் சேர்ப்பார்கள். நான் ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்க்கிறேன்.

சால்சாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தச் சாப்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. கண்ணாடிப் புட்டியில் 300 கிராம் 240 ரூபாய்க்குக் கிடைக்கும் சால்சா வினிகர் புளிப்பும் சர்க்கரை இனிப்புமாக, தக்காளி சாஸுக்குப் பக்கத்து வீடு போல இருக்கிறது. சால்சா என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தொடுகறி, குழம்பு என்பதுபோல் பொதுப்படையான பொருள்தான் உண்டு. அதில் எத்தனையோ வகைகள். மெக்சிகோவில் தக்காளியையும் பூண்டையும் மிளகாயையும் ‘கோமால்’ என்ற தட்டையான கல்லில் கருகச் சுட்டு, ‘மோல்காஹேத்தே’ என்ற எரிமலைக் கல்லாலான உரலில் இடித்துச் செய்யும் சால்சாவை நம் வீட்டுத் தோசைக்கல்லிலும் சிறு கல்லுரலிலும் அப்படியே செய்ய முடிகிறது.

செய்முறை இதுதான். நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி ஐந்து, தோலுரிக்காத பூண்டு நான்கு பல், பச்சை மிளகாய் இரண்டு, நான்காக வெட்டிய பெரிய வெங்காயம் பாதி ஆகியவற்றை எண்ணெய் இல்லாமல் காய்ந்த தோசைக்கல்லில் பரப்பிவிட வேண்டும். முதலில் பூண்டை எடுங்கள், பிறகு மிளகாய். தக்காளி மட்டும் பத்து நிமிடம் இருக்கட்டும். அதன் தோல் கறுத்துச் சுருங்கி, பக்கவாட்டில் வெடித்து, கசியும் சாறு கல்லில் சுண்டி ஒட்டத் தொடங்கும்போது எழும் வாசனையில் இலேசாகப் புகை கலந்திருக்கும். அந்தக் கறுத்த தோலை உரித்து எறிந்துவிடக் கூடாது. புட்டி சால்சாவில் இல்லாத சுவை அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் கல்லுப்புடன் கொரகொரப்பாக இடித்து, கொத்தமல்லி தூவி, அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. மிக்ஸியில் அடிப்பதானால் இரண்டே சுற்று போதும், இல்லாவிட்டால் நுரைத்துப் போகும். பெங்களூர் தக்காளியில் சதை அதிகம், புளிப்புக் குறைவு. அதில் செய்தால் எலுமிச்சை கூடுதலாகத் தேவைப்படும்.

முதல்முறை இதைச் செய்தபோது என் மாமியார் ஒரு விரலில் தொட்டுப் பார்த்து, “இது சுட்ட தக்காளித் தொகையல்தானே, புளி வைக்காம அரைச்சிருக்க” என்றார். “ஆமாம் அத்தை, அதேதான்” என்றேன். அவர் சொன்னதில் பிழையில்லை. மிளகாய் போர்த்துகீசியர்களின் கப்பல்களில் ஏறி நம் கரைக்கு வந்தது. தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர்தான். பச்சை சால்சாவுக்கு அங்கே பயன்படும் தொமாத்தீயோ என்ற காய், காகிதம் போன்ற உறைக்குள் காய்ப்பது. நம் வயல்வரப்பில் பறித்து நெற்றியில் அடித்து வெடிக்கும் சொடக்குத் தக்காளியும் அதுவும் ஒரே பேரினம். சென்னைச் சந்தைகளில் அது என் கண்ணில் பட்டதில்லை என்பதால் பச்சைத் தக்காளிக் காயைச் சுட்டுச் செய்து பார்த்தேன். சற்றே துவர்ப்பாக இருந்தாலும் முட்டைக்கு மிகவும் நன்றாக இருந்தது.

இவ்வளவு பொருள்களில் நான் மனம் நிறைந்து காசு கொடுக்கும் ஒன்று, மெத்தென்ற டார்ட்டியா பாக்கெட். எட்டு கொண்டது 120 ரூபாய். பெரும்பாலும் மைதாவில் செய்ததுதான்; ‘கோதுமை’ என்று முகப்பில் பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்கப் பட்டியலில் முதலில் எது நிற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கோதுமை டார்ட்டியா போலி என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. ஸ்பானியர்கள் கொண்டுவந்த கோதுமை நன்றாக விளையும் சொனோரா முதலிய வடக்கு மெக்சிகோப் பகுதிகளில் அதுதான் அன்றாட உணவு. மற்றப் பகுதிகளின் சோள டார்ட்டியாவை நம்மால் எளிதில் செய்ய முடியாததற்குக் காரணம் வேறு. அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோல் நீக்கி அரைக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புதான் மாவைப் பிசுபிசுவென்று ஒட்டவைக்கிறது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தையும் உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. நம் கடைகளில் விற்கும் மக்காச்சோள மாவு அப்படிப் பதப்படுத்தப்படாதது, ஆகவே தட்டும்போதே ஓரம் வெடிக்கும்.

சப்பாத்தியே போதாதா என்று கேட்பவர்களுக்காக அதையும் செய்து பார்த்தேன். சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈரமான ராஜ்மாவையும் சால்சாவையும் வைத்துச் சுருட்டினால் அடியில் ஊறிக் கிழிந்துவிடுகிறது, மாவு பிசைந்து தேய்த்துச் சுட முப்பது நிமிடம் கூடுதலாக ஆகிறது. வேலை நாளில் அந்த முப்பது நிமிடத்தின் விலைதான் 120 ரூபாய். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் டார்ட்டியா மாவு வாசனையுடன் வறண்டிருக்கும். நன்கு காய்ந்த கல்லில் பக்கத்துக்கு இருபது விநாடி, பழுப்புப் புள்ளிகள் விழும்வரை போட்டு, துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் ஐந்து நிமிடம் மூடி வைத்தால் மல்லிகைப்பூப் போல மிருதுவாகிவிடும்.

சீஸ் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். உருகுவதற்கு மொசரெல்லா, மேலே தூவுவதற்கு உப்பும் எலுமிச்சையும் பிசிறிய பன்னீர். அவகாடோவை மலிவான காலத்தில் மட்டும் வாங்குங்கள். கொடைக்கானல் கீழ்மலையில் விளையும் பட்டர் ஃப்ரூட் சந்தைக்கு வரும்போது அதை மசித்துக் குவாக்கமோலே செய்யலாம், மற்ற நாட்களில் சால்சாவே போதும்.

நேரக் கணக்கைச் சொல்கிறேன். எட்டு மணிக்குக் குக்கரை ஏற்றினால், விசில் வருவதற்குள் பக்கத்து அடுப்பில் சால்சா முடிந்துவிடும். எட்டே முக்காலுக்கு ராஜ்மாவையும் சீஸையும் வைத்து மடித்த கேசடியா கல்லிலிருந்து தட்டுக்கு வருகிறது. டார்ட்டியா 120, ராஜ்மா 35, தக்காளியும் வெங்காயமும் 35, சீஸ் 60, கொத்தமல்லியும் எலுமிச்சையும் 10 என நான்கு பேருக்கு 260 ரூபாய். இதே சாப்பாட்டைக் கடையிலிருந்து வரவழைத்தபோது எங்களுக்கு 900 ரூபாய்க்கு மேல் ஆனது, வந்து சேரும்போது ஆறியும் இருந்தது. மீந்த சோற்றைத் தக்காளியுடன் வதக்கி ராஜ்மாவோடு சுருட்டினால் புரிட்டோ. இன்னொரு நாளைக்கு டார்ட்டியா மேல் பொரித்த முட்டையும் சால்சாவும் வைத்தால் அதற்குப் பதினைந்து நிமிடம்கூட வேண்டாம்.

பிரித்த டார்ட்டியா பாக்கெட்டைச் சென்னையின் புழுக்கத்தில் வெளியே வைக்காதீர்கள். இரண்டாம் நாளே ஓரத்தில் பூஞ்சை கட்டியதைப் பார்த்து முழுதையும் தூக்கிப்போட நேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் கெடாமல் இருக்கிறது, தனித்தனியாகவும் பிரிகிறது. காய்ந்துபோன இரண்டு மூன்று மீந்தால் முக்கோணமாக வெட்டி எண்ணெயில் முறுகலாக்கி, சூடான சால்சாவில் புரட்டி, மேலே முட்டை வையுங்கள். மீந்த சப்பாத்தியை நாம் கொத்திப் போடுவதுபோல அவர்கள் செய்யும் சிலாக்கீலெஸ் அது. எங்கள் வீட்டில் சனிக்கிழமைக் காலைக்கென்றே இப்போது இரண்டு டார்ட்டியாக்களை ஒதுக்கி வைக்கிறோம்.