‘ஜிஸ்ட்டாக இருக்கலாம்’ என்ற ரிப்போர்ட்டை நம்பி நாலு மாதம் போனது

அக்காவுக்குப் பெருங்குடலில் கட்டி. கொலனோஸ்கோபியில் எடுத்த பயாப்சியில் ‘புற்று இல்லை’ என்று வந்தது. கட்டி குடல் சுவரின் தசையில் இருக்க, உள்தோலை மட்டும் கிள்ளி எடுத்தால் வேறென்ன வரும்? சரி, அது தனிக் கதை.

ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். லேப் ரிப்போர்ட் ஒரே பக்கம். ‘கதிர் வடிவச் செல் கட்டி, ஜிஸ்ட்டாக இருக்கலாம்.’ நூல் நூற்கும் கதிர்போல நீண்டு, இரு முனையும் கூர்ந்த செல்கள்; ஜிஸ்ட் என்பது இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைப் புற்றுக் கட்டி. அந்த ‘இருக்கலாம்’ டாக்டர் கண்ணில் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. ஜிஸ்ட்டுக்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரையை ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் கண்ணைச் சுற்றி வீங்கிப்போய் எழுந்திருப்பாள். மருந்து வேலை செய்கிறது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். நாலாம் மாதம் ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அங்கிருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “சிடி117 பார்க்கவே இல்லையா?” ஜிஸ்ட்தானா என்று காட்டும் சாயப் பரிசோதனை அது.

பார்க்கவில்லை. ஆனால் பில்லில் ‘சிறப்புச் சாயப் பரிசோதனை’ என்று ஒரு வரி இருந்தது, காசும் வாங்கியிருந்தார்கள்.

ஜிஸ்ட்டும், மென்தசையில் வரும் புற்றான லியோமயோசார்கோமாவும் மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்குமாம். ஜிஸ்ட்டில் கிட் மரபணு மாற்றம் இருப்பதை ஜப்பானியர்கள் 1998-இல் கண்டுபிடிக்கும்வரை இரண்டையும் ஒரே கூடையில்தான் போட்டுவந்தார்கள். இன்றைக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. சிடி117, டாக்1 (DOG1) என்ற இரண்டு சாயப் பரிசோதனைகளும் பாசிட்டிவ் என்றால் ஜிஸ்ட். அவை நெகட்டிவாகி, தசைப் புரதங்களான டெஸ்மினும் ஸ்மூத் மசில் ஆக்டினும் பாசிட்டிவ் என்றால் லியோமயோசார்கோமா. அதற்கு இமாட்டினிப் கேட்காது. அக்காவுக்கு வந்தது அதுதான். பெருங்குடலில் மிக அபூர்வமாக வருவது. இப்போது டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க பிளாக் வேண்டும். கட்டியின் துண்டை மெழுகில் புதைத்து வைத்திருப்பார்களே, அதுதான். லேபில் கேட்டால் முதலில் “அதெல்லாம் வெளியே கொடுக்க மாட்டோம்.” அப்புறம் “தேடுகிறோம்.” மூன்று வாரம் இழுத்தார்கள். எழுத்தில் கொடுத்த பிறகுதான் கிடைத்தது.

கதிர் வடிவச் செல் என்று ரிப்போர்ட்டில் பார்த்தால், இந்தச் சாயப் பரிசோதனைகளின் முடிவு ஒவ்வொன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். பிளாக்கை வாங்கும்போது அதன்மேல் உள்ள எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். எங்களுக்கு முதலில் வேறு யாருடையதையோ எடுத்துக் கொடுத்தார்கள்.