வடிகட்டி ஆய்வா, பொருத்த ஆய்வா?

சீனன்குடாப் பக்கம் சீமெந்து மூட்டை இறக்கிவிட்டு வரும் அண்ணன்மார் முகக்கவசத்தைக் கழற்றினால், மூக்கின் இருபக்கமும் சாம்பல் கோடு தெரியும். தூசி விளிம்பால் புகுந்திருக்கிறது. சுவாசப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போக நினைக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கோட்டைத்தான். அந்தத் துறையில் இரண்டு வழி: கவசத்தின் இழை தூசியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது வடிகட்டி ஆய்வு; விளிம்பு முகத்தோடு ஒட்டிப் பொருந்துகிறதா என்று பார்ப்பது பொருத்த ஆய்வு.

வடிகட்டி ஆய்வு இரசாயனமும் பௌதிகமும் பிடித்தவர்களுக்கு. மின்னேற்றிய பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையினூடாக, உப்புத் துகள் கலந்த காற்றை நிமிடத்துக்கு 85 லீற்றர் வீதம் செலுத்தி, எவ்வளவு துகள் தடுக்கப்படுகிறது என்று அளப்பார்கள். என்95 என்ற தரமுள்ள கவசம் என்றால் அந்தத் துகளில் குறைந்தது 95 வீதத்தைத் தடுக்க வேண்டும். கருவிகள் விலை கூடியவை.

பொருத்த ஆய்வுக்கு மனித முகம்தான் ஆய்வுகூடம். கவசம் போட்டவரின் தலைக்கு மேல் ஒரு மூடி; அதற்குள் கசப்புக் கரைசலைத் தெளித்து, குனியச் சொல்லி, பேசச் சொல்லி, "கைக்குதா அண்ணை?" என்று கேட்க வேண்டும். கைத்தால் ஒழுக்கு. சிறிது தாடி வளர்ந்திருந்தாலே காற்று நுழைந்துவிடும். ஐயப்பனுக்கு மாலை போட்டவரையோ தாடி வைத்த முஸ்லிம் சகோதரரையோ மழிக்கச் சொல்ல முடியுமா? அவர்களுக்கு, விசிறியால் வடிகட்டிய காற்றை ஊதும் தளர்வான தலைமூடி இருக்கிறது. அதை நம்மூர் வெக்கையில் நாள் முழுக்கப் போட முடியுமா என்பதும் இந்தத் துறையின் கேள்விதான்.

புதுப் பொருள் கண்டுபிடிக்கும் ஆசை உள்ளவர் முதலாவதற்குப் போகட்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். அதற்கு வேண்டிய முகங்கள் துறைமுகத்திலேயே இருக்கின்றன.