உருளைக்கிழங்கு: ரசாயன முறையா, இயற்கை முறையா?

உருளைக்கிழங்கின் வேர் ஆழமாகப் போகாது. அதனால் ரசாயன முறையில் அள்ளிப் போடும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜன் உரத்தில், ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கரைந்து நிலத்தடி நீருக்குப் போகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. இந்த வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு புவியைச் சூடாக்கும். இயற்கை முறையில், எக்டேர் கணக்கில், இந்தத் தொல்லை குறைவு.

சரி, இலைக்கருகல் நோய் வந்தால்? ரசாயன வயலில் ஒரே பருவத்தில் பலமுறை பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள். இயற்கை விவசாயி பல நாடுகளில் தாமிரக் கலவையை நாடுகிறார். தாமிரம் மட்காது, மண்ணிலேயே சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுக்கு எக்டேருக்கு 28 கிலோ என வரம்பு வைத்தது சும்மா இல்லை. விளைச்சலும் குறைவதால் அதே அளவு கிழங்குக்குக் கூடுதல் நிலம் வேண்டும்.

என் ஓட்டு, நோய் தாங்கும் ரகம் போட்ட இயற்கை வயலுக்கு. அந்த ரகம் கிடைக்காவிட்டால், அளந்து உரமிடும் ரசாயன வயலே தேவலை.