அமிபுரோக்கரில் பல இண்டிகேட்டர் ஆட்டோ டிரேடிங்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நிஃப்டி ஃபியூச்சர்ஸ் (நிஃப்டி குறியீட்டின் மீதான முன்பேர ஒப்பந்தம்) 15 நிமிட சார்ட்டில் சூப்பர்டிரெண்ட், ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ் என்ற மூன்று இண்டிகேட்டர்களும் (விலையிலிருந்து போடும் கணக்கீடுகள்) ஒத்துப்போனால் மட்டும் ஆர்டர் போடும் உத்தி ஒன்றை, சார்ட் பார்க்கவும் உத்திகளைச் சோதிக்கவும் உதவும் அமிபுரோக்கர் மென்பொருளில் எழுதி, சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இதில் மிகவும் கஷ்டமான பகுதி ஆப்டிமைசேஷன்தான், அதாவது இண்டிகேட்டர்களுக்கு எந்த அளவுகளைக் கொடுப்பது என்று பழைய டேட்டாவில் தேடுவது. கோடிங் அதோடு ஒப்பிட்டால் எளிது.

முதலில் இண்டிகேட்டர் தேர்வு. ஆர்எஸ்ஐ, ஸ்டோகாஸ்டிக், சிசிஐ மூன்றையும் ஒரே உத்தியில் பலரும் சேர்க்கிறார்கள். மூன்றும் அதே விலையிலிருந்து அதே வேகத்தைத்தான் அளக்கின்றன. ஒன்று வாங்கச் சொன்னால் மற்ற இரண்டும் பெரும்பாலும் பின்னாலேயே தலையாட்டும். அதை மூன்று தனித்தனி சாட்சிகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் உத்தியில் திசைக்கு சூப்பர்டிரெண்ட், டிரெண்டின் வலுவுக்கு ஏடிஎக்ஸ், நுழையும் நேரத்துக்கு ஆர்எஸ்ஐ என்று வேலை பிரித்திருக்கிறேன். நான்காவதாக ஒன்றைச் சேர்க்க இதுவரை நல்ல காரணம் கிடைக்கவில்லை.

அடுத்தது சோதிக்க வேண்டிய சேர்க்கைகளின் எண்ணிக்கை. சூப்பர்டிரெண்டின் ஏடிஆர் (சராசரி விலை வீச்சு) காலம் 7 முதல் 20 வரை, அதைப் பெருக்கும் மல்டிப்ளையர் 1.5 முதல் 4 வரை 0.25 படியில், ஆர்எஸ்ஐ காலம் 7 முதல் 21 வரை, ஏடிஎக்ஸ் எல்லை 15 முதல் 30 வரை. இவ்வளவுக்கே 36,960 சேர்க்கைகள். இதில் எம்ஏசிடி என்ற இன்னொரு இண்டிகேட்டரின் மூன்று அளவுகளுக்கும் தலா 10 மதிப்புகள் கொடுத்தால் 3 கோடியே 69 லட்சத்தைத் தாண்டும். சிஎம்ஏ-இஎஸ் போன்ற புத்திசாலித் தேடல் முறைகள் அமிபுரோக்கரிலேயே இருப்பதால் நேரம் பெரிய சிக்கல் இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அத்தனை கோடி சேர்க்கைகளைத் தேடினால், பழைய டேட்டாவில் தற்செயலாகவே அற்புதமாகத் தெரியும் ஒன்று கட்டாயம் அகப்படும்.

அதனால் பட்டியலில் முதலில் வரும் வரியை நான் எடுப்பதே இல்லை. ஆப்டிமைசேஷன் முடிவை 3டி படமாகப் போட்டுப் பார்ப்பேன். மல்டிப்ளையர் 2.75-இல் லாபம் உச்சம், ஆனால் 2.5-லும் 3-லும் நஷ்டம் என்றால் அந்த உச்சியை நம்ப முடியாது. சுற்றியுள்ள மதிப்புகளும் சுமாரான லாபம் தரும் அகலமான மேட்டுநிலம்தான் எனக்கு வேண்டும். அதன் நடுவிலிருந்து ஒரு மதிப்பை எடுப்பேன். தரவரிசைக்கும் நிகர லாபத்தைப் பார்ப்பதில்லை. ஆண்டு வருமானத்தை அதிகபட்சச் சரிவால் வகுத்த விகிதம், அதாவது சிஏஆர்/எம்டிடி, என் மனநிலைக்கும் மார்ஜினுக்கும் பொருந்துகிறது.

இதற்கு அப்புறம் வாக்-ஃபார்வர்டு. இரண்டு ஆண்டு டேட்டாவில் மதிப்புகளைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆறு மாதத்தில் தொடாமல் சோதித்து, இந்தக் கால ஜன்னலை நகர்த்திக்கொண்டே போவது. முதல் பகுதியில் பளபளக்கும் பல சேர்க்கைகள் இரண்டாவது பகுதியில் நிற்பதில்லை. அமிபுரோக்கர் இதைத் தானாகவே செய்து, சோதனைக் காலங்களை மட்டும் இணைத்து ஒரே ஈக்விட்டி கோடாக (கணக்கின் மதிப்பு ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு) காட்டுகிறது. இந்த மென்பொருளில் நான் அதிகம் மதிக்கும் வசதி இதுதான்.

செலவைச் சேர்க்காத பேக்டெஸ்ட்டுக்கு (பழைய டேட்டாவில் உத்தியை ஓட்டிப் பார்ப்பது) மதிப்பே இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் ஃபியூச்சர்ஸ் விற்பனைக்கான எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 ஆனது. நிஃப்டி 24,000-இல் இருந்தால், முன்பு 3 புள்ளியாக இருந்த வரி அப்போது 4.8 புள்ளி ஆனது. ஒரு நாளில் நாலைந்து முறை நுழைந்து வெளியேறும் உத்திக்கு இது பெரிய அடி. புரோக்கரேஜ், ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) தனி. செலவைச் சரியாகக் கொடுத்தாலே குறுகிய கால அளவுகள் தரவரிசையில் கீழே இறங்கி, குறைவாக வர்த்தகம் செய்யும் அளவுகள் மேலே வருகின்றன.

டேட்டாவிலும் கவனம் வேண்டும். மாதாந்திர எக்ஸ்பைரியில் (கான்டிராக்ட் முடியும் நாள்) ஒரு கான்டிராக்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது வரும் விலை இடைவெளியைச் சரிசெய்யாவிட்டால், சூப்பர்டிரெண்ட் அதை உண்மையான நகர்வு என்று எடுத்துக்கொள்ளும். கொரோனா அச்சத்தில் சந்தை சரிந்த 2020 மார்ச் மாதத்தையும், தேர்தல் முடிவு வந்து நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்த 2024 ஜூன் 4-ஐயும் விதிவிலக்கு என்று சொல்லி நீக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். உத்தி தாங்க வேண்டிய நாட்களே அவைதான். அவற்றை நீக்கினால் கிடைக்கும் அதிகபட்சச் சரிவு பொய்க்கணக்கு.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் மறு ஆப்டிமைசேஷன். புதிய மதிப்பு பழைய மேட்டுநிலத்துக்குள்ளேயே விழுந்தால் எதையும் மாற்றுவதில்லை. வெகுதூரம் தள்ளிப் போயிருந்தால், லைவ் ஆர்டரை நிறுத்திவிட்டு அடுத்த காலாண்டு முழுவதும் பேப்பர் டிரேடிங்கில் (உண்மைப் பணம் போடாத ஒத்திகை) மட்டும் ஓட விடுகிறேன்.